பாதி ஆம்ப்

ஏப்ரல் 3

ஜேஎம்பி-1 கிட்டார் ப்ரீஆம்ப் வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து பார்சல், மூன்று சுற்று பிளாஸ்டிக் கவர், அதற்குள் யாருடைய வீட்டுப் பழைய போர்வையோ. மார்ஷல் இதை 1992-இல் வெளியிட்டபோது எனக்குக் கிட்டார் என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே இரண்டு இசிசி83 வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்), நான்கு குரல் (ஓடி1, ஓடி2, கிளீன்1, கிளீன்2), திருகி வைத்த அமைப்புகளை நூறு பேட்ச்சாகச் சேமிக்கலாம். ஆனால் இது பாதி ஆம்ப். ஸ்பீக்கரைத் தள்ள இதற்கு வலு கிடையாது, பவர் ஆம்ப் தனியாக வாங்க வேண்டும்.

பின்னறையில் வைத்திருக்கிறேன். மனைவியைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டு நான்கு நாள் ஆகிறது. அவர்கள் வருவதற்குள் அந்த அறையைக் காலி செய்ய வேண்டும்.

ஏப்ரல் 5

இரவு இரண்டு மணி வரை விலை பார்த்தேன். சாப்பிட்டேனா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஏப்ரல் 8

பழைய டிரான்சிஸ்டர் காம்போவின் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டி) பின்பக்கம் உள்ள ரிட்டர்ன் ஓட்டையில், அதாவது நேரே அதன் பவர் ஆம்புக்குப் போகும் வழியில், ஜேஎம்பி-1-ஐச் செருகி வாசித்தேன். தட்டை. குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாச் சுரமும் கேட்கிறது, ஆனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் யாரோ வாசிக்கிற மாதிரி.

காரணம் தேடிப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பது சும்மா ஓர் அடையாளம்தான், கீழே அது ஒத்ததிரும் இடத்திலும் மேலே உச்ச சுரங்களிலும் அந்த எட்டு பல மடங்கு ஏறிவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைக் கண்டுகொள்ளாது, எங்கேயும் ஒரே வோல்டேஜ். வால்வு ஆம்புக்கு அந்தப் பிடி கிடையாது. ஓம் ஏறுகிற இடத்தில் வோல்டேஜும் கூடவே ஏறும், அதனால் அடியில் ஒரு தும், மேலே ஒரு பளிச். நாம் "வால்வு சத்தம்" என்று உருகுவதில் பெரும்பங்கு இதுதானாம், ஸ்பீக்கரோடு அது போடும் சண்டை. இதைப் படித்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அப்படியானால் வால்வுதான். எந்த வால்வு? மார்ஷல் ப்ரீஆம்புக்கு மார்ஷல் இஎல்34 50/50 (ஸ்டீரியோ, பக்கத்துக்கு ஐம்பது வாட்) என்பது பொருத்தம் பார்த்துக் கட்டிய ஜோடி மாதிரி, நடுச்சுரம் முந்திக்கொண்டு வரும். 6எல்6 என்றால் அடி இறுக்கமாக, மேலே தெளிவாக. இஎல்84 சின்னது, சீக்கிரம் திணறும், அந்தத் திணறல்தான் அதன் அழகு என்கிறார்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூ பச்சடி செய்யத் தெரியாமல் வேப்பம்பூவை நெய்யில் கருக்கினேன். ஸ்கேனில் பனிக்குடத் தண்ணி 11 என்றாள். 11 நல்லதா என்று கேட்டேன். நல்லதுதான் என்றாள், ஆனால் நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஏப்ரல் 19

ராத்திரி ஏழரைக்குப் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 196. தெரு முழுக்க ஏசி ஓடுகிறது, வேறென்ன வரும். 230 வந்தால்தான் வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போகும், 196 என்றால் 5.4-கூட இல்லை. பத்து சதவீதம் வரை தாங்கும், இது பதினைந்துக்குக் கிட்ட. ஆக பவர் ஆம்புடன் ஒரு ஸ்டெபிலைசர். பட்ஜெட் தாளில் ஒரு வரி கூடியது.

இன்று அவள் பேசும்போது நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

ஏப்ரல் 22

ரிச்சி தெரு. வெயில் மண்டையைப் பிளந்தது. செல்போன் டிஸ்ப்ளே கடைகளுக்கெல்லாம் நடுவில், நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்தப் பெரியவர் இருக்கிறார் என்று ஒரு கீபோர்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் மைக் செட் ஆம்ப்ளிபையர் கட்டியவர். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் எல்லாம் இவர் கட்டிய பெட்டியில்தான் கத்தியிருக்கின்றன.

"ஐயா, கிட்டாருக்கு ஒரு பவர் ஆம்ப் பார்க்கிறேன்" என்றேன்.

"எத்தனை வாட் தம்பி?"

"50/50 ஸ்டீரியோ யோசிக்கிறேன்."

"ஸ்பீக்கர் எத்தனை?"

"ஒன்று."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பாடம் ஆரம்பித்தது. ஒரு ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு ஸ்டீரியோ வாங்கினால் இன்னொரு பக்கம் சும்மா நிற்கும், சும்மா நிற்கிற பக்கத்தில் சிக்னல் போய்விட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளேயே சுருள் பொரிந்துவிடும். "டிரான்சிஸ்டரை ஸ்பீக்கர் இல்லாம ஓட்டலாம். வால்வை ஓட்டவே கூடாது, அதுக்கு எப்பவும் ஒரு சுமை வேணும்."

போகும்போது ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பெங்களூரில் வால்வு செய்துகொண்டிருந்த காலத்து இஎல்84, ஏழெட்டு இருக்கும், பிரிக்காதவை. ரேடியோவுக்கென்று வாங்கி வைத்ததாம். கையில் எடுத்தால் விரல் நீளம்தான் இருக்கிறது. இரண்டு போட்டு பதினைந்து வாட்டுக்கு ஒன்று கட்டித் தரட்டுமா என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினைந்தா?

ஏப்ரல் 27

சரி, கணக்கு. என்னிடம் உள்ள கேபினெட்டில் ஒரே ஒரு செலஷன் விண்டேஜ் 30. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 100 டெசிபல். 15 வாட்டுக்கு ஏறத்தாழ 112. 50-க்கு 117. 100-க்கு 120. ஐம்பதிலிருந்து நூறுக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். நான் வீட்டில் வாசிப்பதோ ஒரு வாட்டைக்கூடத் தொடாது. அதற்கே கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் மாமா படியேறி வந்து "உடம்பு எப்படி இருக்கு, ஊர்லேர்ந்து போன் வந்துதா" என்று விசாரிக்கிறார். விசாரிப்பு அல்ல அது.

எல்லாம் தெரிந்தும் 50/50 மேல்தான் ஆசை.

மே 2

தண்ணி 8.

மே 3

எட்டு என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுகிறேன். கேபினெட்டின் பின்பக்கம்கூட.

மே 6

மீசா பூகி 20/20 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பக்கத்துக்கு இருபது வாட், எல்லாம் இஎல்84, ரேக்கில் உட்காரும். கிட்டத்தட்ட பணம் அனுப்பியே விட்டேன். அப்புறம்தான் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் போட்டால் போதும் என்கிறார் விற்பவர். வோல்டேஜை அது இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் ஊர் 50-இல் ஒவ்வோர் அலையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நேரம் நீள்கிறது, அறுபதுக்கென்றே அளந்து சுற்றிய டிரான்ஸ்பார்மர் சூடேறும். பல ஆம்ப்கள் தாங்கிவிடும், ஆனால் சித்திரை வெயிலில் 196 வோல்டில் சோதித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டேன். விட்டதிலிருந்து அதே நினைப்பு.

மே 11

தென்காசி. பொதிகையில் வந்தேன். அவள் முகம் வீங்கியிருக்கிறது, அது இயல்புதான் என்கிறார் அத்தை, எல்லாவற்றையும் இயல்பு என்றே சொல்கிறார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர், நடுவில் இளநீர். வாசலில் மாமா குழந்தைக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார், எல்லாம் நான்கெழுத்துக்கு மேல்.

இரண்டு தெரு தள்ளிக் கோயில் கொடை. மாலையிலிருந்து வில்லுப்பாட்டு, தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர். குழந்தை உதைக்கிறது பார் என்று கையை எடுத்து வைத்தாள். வில்லுப்பாட்டுக்கு உதைக்கவில்லை. ராத்திரி மேளம் தெருமுனைக்கு வந்தபோதுதான், தவில் விழவிழ உள்ளிருந்து பதில். அடிச்சுரம் சுவரைத் தாண்டுகிற மாதிரியே வயிற்றையும் தாண்டுகிறது, மேல் சுரமெல்லாம் வெளியே வடிகட்டி நின்றுவிடும். இப்போதைக்கு அதற்கு உலகம் முழுக்க அடிச்சுரம்தான்.

மைக் செட்காரரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வால்வு பெட்டியெல்லாம் அப்பா காலத்தோடு போச்சு என்றார். நான் எங்கே போனேன் என்று தேடியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது அவள் பேசவில்லை.

மே 13

சென்னை. வீடு அடுப்பு மாதிரி இருக்கிறது.

மே 19

தூக்கம் இல்லை. பயாஸ் கணக்கு, அதாவது வாசிக்காதபோதும் வால்வில் எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்பது: இஎல்34 தாங்குவது 25 வாட் சூடு, அதில் எழுபது சதவீதம் 17.5, பிளேட்டில் 450 வோல்ட் என்றால் 39 மில்லியாம்ப். இதைவிடக் கூட்டினால் வால்வு சீக்கிரம் சாகும், குறைத்தால் சத்தம் வறண்டுபோகும். 39. மீட்டரில் ஓர் எண் வந்தால் கையில் திருகாணி இருக்கிறது, திருப்பினால் எண் மாறும். அங்கே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் எண் மாறவில்லை.

மே 23

வடபழனியில் ஒரு ஸ்டூடியோ. இரண்டு இஎல்34 போட்ட ஐம்பது வாட் ஹெட் (ஸ்பீக்கர் சேராத ஆம்ப்) அங்கே இருக்கிறது, ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அதன் ரிட்டர்னில் ஜேஎம்பி-1-ஐச் செருகினேன். முதலில் ஒன்றும் பிரமாதமாக இல்லை, நெஞ்சு விழுந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் ப்ரீஆம்பின் பின்பக்க லெவல் பொத்தான் -10-இல் கிடக்கிறது. பலமான சிக்னலுக்கு, +4-க்கு மாற்றினேன்.

எப்படிச் சொல்ல. ஓடி1, கெய்ன் பாதிக்கும் கீழே, கதவைச் சாத்திவிட்டு வால்யூமை ஏற்றினேன். ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் கூடவில்லை, தடித்தது. அடித்தவுடன் ஒரு கணம் பதுங்கி, பிறகு எழுந்து வருகிறது. விரலைக் கொஞ்சம் மெதுவாக வைத்தால் தானே சுத்தமாகிறது. ப்ரீஆம்பில் எத்தனை குமிழ் திருகினாலும் வராத ஒன்று இது. சட்டைக்குள் காற்று அடித்தது, உண்மையாகவே.

பிறகு வீட்டில் வாசிக்கிற அளவுக்கு இறக்கினேன். எல்லாம் போய்விட்டது. அந்தத் தும் இருக்கிறது, பளிச் இருக்கிறது, பதுங்கி எழுவது இல்லை. ஐம்பது வாட் வால்வு அங்கே வேலையே செய்யவில்லை. அதைத் திணறவிட என் வீடு போதாது, இனி எந்த வீடும் போதாது, உள்ளே தூங்குகிற ஆள் வரப்போகிறது. பதினைந்துமே வீட்டுக்கு அதிகம்தான், ஆனால் ஒரு மேடையிலாவது அதைக் கடைசிவரை திருக முடியும்.

பஸ்ஸில் வரும்போதே பெரியவருக்கு போன் செய்தேன்.

மே 24

ஐயாயிரம் அட்வான்ஸ். இஎல்84 இரண்டு, 8 ஓம் டேப் (சுருளிலிருந்து எடுக்கும் இணைப்பு) ஒன்று, மோனோ. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கையால் சுற்ற வேண்டும், பத்து நாள் ஆகுமாம். மெயின் டிரான்ஸ்பார்மரில் 200 வோல்டுக்கும் ஒரு டேப் எடுத்துவிடுகிறேன் என்றார். நான் கேட்கவே இல்லை.

மே 28

பின்னறையைத் துடைத்தேன். ரேக் இப்போது பீரோ மேல். தொட்டில் கொக்கி மாட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு உதிர்கிறது.

ஜூன் 1

பெரியவர் போனை எடுக்கவில்லை. காலையில் இரண்டு தடவை, மதியம் ஒரு தடவை. அவளும் எடுக்கவில்லை, தூங்குகிறாளாம்.

ஜூன் 4

தண்ணி 6.

பெரியவர் அழைத்தார். "தம்பி, ரெடி. ஸ்பீக்கரைக் கொண்டாந்து ஓட்டிப் பாருங்க, அப்புறம் எடுத்துட்டுப் போங்க." அடுத்த வாரம் வருகிறேன் ஐயா என்றேன். என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். "ஆம்ப் எங்கேயும் போகாது, நீங்க கிளம்புங்க" என்றார்.

ஜூன் 5

நாளைக் காலை அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார்கள். தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறதே என்றேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல். ரயிலில் இடமில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ், கடைசி வரிசை, எஞ்சின் அடிச்சுரம் முதுகெலும்பில் ஏறுகிறது. ஜேஎம்பி-1-ஐ அணைத்தேனா என்று விழுப்புரம் வரை யோசித்தேன்.

ஜூன் 6

ராஜபாளையம், 6:10. மாமா மூன்று தடவை அழைத்திருக்கிறார், சிக்னல் இல்லாமல் வந்திருக்கிறேன். திரும்ப அடிக்கிறேன், ரிங் போகிறது