காட்டுயிர் மேலாண்மை: முதல் செமஸ்டர் முழுக்க மரம்

இந்த வயதில் மறுபடி காலேஜா என்று கேட்பவர்கள் அடுத்துக் கேட்பது செலவைத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியில், கிளைட் என்ற சிற்றூரில் இருக்கும் ஹேவுட் கம்யூனிட்டி காலேஜில். மீன் மற்றும் காட்டுயிர் மேலாண்மைத் தொழில்நுட்பம், இரண்டு வருட அசோசியேட் பட்டம். நான் சேர்ந்தபோது மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) 76 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 268. குறைந்த கட்டணம் வேண்டுமென்றால் 12 மாதம் இங்கேயே வசித்ததைக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் தேதி ஒத்துப்போக வேண்டும். என்னிடம் கிரீன் கார்டு இருந்தது, தப்பித்தேன்.

கரடி, எல்க் மான் என்று கனவோடு போனால் கையில் கொடுப்பது மரக்கொப்பு. அதுவும் குளிர்காலத்தில், இலை இல்லாத கொப்பு. மொட்டு எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்று பார்த்து, லத்தீன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும். கூடப் படித்த பையன்களில் பாதிப்பேர் இந்த மலையில் வேட்டையாடி வளர்ந்தவர்கள். பட்டையைத் தடவியே மரத்தைச் சொல்லிவிடுவார்கள். நான் வீட்டுச் சுவர் முழுக்கக் கொப்புகளை ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தேன்.

மரம் எதற்கு என்பது ஓக் பாடம் வந்தபோதுதான் உறைத்தது. இந்த மலைகளில் ஒரு காலத்தில் செஸ்ட்நட் மரம்தான் விலங்குகளுக்குச் சோறு போட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய் அதைத் துடைத்துவிட்டது. இப்போது கருங்கரடி குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்ப்பது பெரும்பாலும் ஓக் கொட்டையை நம்பித்தான். வெள்ளை ஓக் பூத்த வருஷமே காய் முற்றும். சிவப்பு ஓக்குக்கு அடுத்த வருஷம் ஆகும். ஆகவே சித்திரையில் ஒரு பின்பனி பூவைக் கருக்கினால், வெள்ளை ஓக் அந்த இலையுதிர்காலத்திலேயே கைவிடும். சிவப்பு ஓக் மறுவருஷம் கைவிடும். கொட்டை பொய்த்த வருஷம் கரடி குப்பைத்தொட்டியைத் தேடி ஊருக்குள் வரும். கரடித் தொல்லை என்று புகார் வந்தால் முதலில் மரத்தை அண்ணாந்து பார் என்று வாத்தியார் சொல்வார். இரண்டு வருடத்தில் நான் கற்றதில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

ஓடையில் மின்சாரம் பாய்ச்சி மீன் கணக்கெடுப்பது, ரேடியோ காலர் சிக்னலைத் துரத்துவது எல்லாம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். நெஞ்சு வரை ஏறும் ரப்பர் உடுப்பு, முதுகில் பேட்டரி, வழுக்குப் பாறை. நாள் முடிவில் முதுகுவலி.

எனக்குக் கடினமாக இருந்தது வேட்டை. வேட்டையைத் தடுத்த 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகான இந்தியாவில், முட்டைகூடச் சேர்க்காத வீட்டில் வளர்ந்தவருக்கு மானின் கீழ்த்தாடையைக் கையில் கொடுத்து வயது சொல் என்றால் எப்படி இருக்கும்? மூன்றாவது முன்கடைவாய்ப்பல்லில் மூன்று முகடு இருந்தால் ஒன்றரை வயதுக்கு உட்பட்டது; அந்தப் பால்பல் விழுந்து முளைக்கும் பல்லுக்கு இரண்டே முகடு. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் தாடைகள் இல்லாமல் மான் கூட்டத்தின் வயதுக் கணக்கு இங்கே நடக்காது. பணமும் அப்படித்தான். 1937-இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி, மாநிலங்களின் காட்டுயிர் பணிகளுக்குப் போகிறது. இதை நான் முழுமனதாக ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு தாடைகளை எண்ணினேன். துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் வாங்கினேன்.

சேர நினைப்பவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டியது கிரெடிட் கணக்கு. இது தொழில்சார் அசோசியேட் பட்டம். இந்த மாநிலத்தில் கலை, அறிவியல் அசோசியேட் பட்டங்களுக்கு கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள இருக்கும் பொது ஒப்பந்தம் இதற்குப் பொருந்தாது. பல்கலைக்கழகம் தனியாக ஒப்புக்கொண்ட பாடங்கள் மட்டுமே அங்கே செல்லும். அமெரிக்க மத்திய அரசில் டெக்னீஷியன் வேலைக்கு இரண்டு வருடப் படிப்பே போதும். ஆனால் காட்டுயிர் உயிரியலாளர் பதவிக்கு இளங்கலைப் பட்டத்தோடு காட்டுயிர் பாடங்களில் 9, விலங்கியலில் 12, தாவரவியலில் 9 செமஸ்டர் மணிநேரம் (அதாவது கிரெடிட்) கேட்கிறார்கள். தாவரவியலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, மத்திய அரசு வேலைக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்கள் மாநில வேலை, தனியார் ஆலோசனை நிறுவனம், நிலத்தைப் பாதுகாக்கும் அறக்கட்டளை என்ற பக்கம் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எந்தெந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது.