செதில் வேண்டாம் என்றேன், சரி என்றார்

கண்காட்சி முடிந்து பேனல்களைக் கழற்றிக் கட்டி வைத்தாகிவிட்டது. ஆனாலும் ஓவியர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்குள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

50 லட்சம் ஆண்டுகள் கழித்துப் பாலைவனத்தில் ஒரு தவளை இனம் எப்படி இருக்கும் என்று கண்காட்சியின் ஒரு பேனலில் காட்ட வேண்டும். வரைவது அவர் வேலை, அறிவியலைச் சரிபார்ப்பது என் வேலை. முதல் வரைவில் உடம்பு முழுக்கச் செதில், அடிவயிறு உட்பட.

"இது எப்படித் தண்ணி குடிக்கும்?"

"வாயாலதான் சார்."

தவளை வாயால் குடிப்பதில்லை. தொடைகளுக்கு நடுவே, அடிவயிற்றில் மெல்லிய தோல் ஒரு திட்டாக இருக்கும். அதை ஈர மண்ணில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும், நீர் உள்ளே போய்விடும். சொன்னதும் செதிலை அழித்துவிட்டார். அப்புறம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். சிறுநீர்ப்பையில் நீரைச் சேர்த்துக்கொண்டு, தானே உரித்த தோலை அடுக்கடுக்காகப் போர்த்தி மண்ணுக்குள் கிடக்கும் ஆஸ்திரேலியத் தவளை. தோலில் சுரக்கும் மெழுகைக் கைகால்களால் உடம்பெங்கும் தடவிக்கொள்ளும் தென் அமெரிக்கத் தவளை. நீரை வீணாக்காமல் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிற ஒன்றிரண்டு. எல்லாம் படத்துக்குள் வந்தன. யோசித்துப் பார்த்தால் எல்லாமே இன்றைக்கே இருக்கிற சரக்குதான்.

சிக்கல் முட்டையில் வந்தது. மணலில் புதைத்த, தோல் போன்ற ஓடுள்ள முட்டையை வரைந்திருந்தார். குட்டையும் தலைப்பிரட்டையும் போடச் சொன்னேன்.

"அப்போ எத்தனை லட்சம் வருஷம் ஆனாலும் இது தண்ணியைத் தேடித்தான் போகணுமா சார்?"

"போகணும். இல்லேன்னா அது தவளையே இல்ல."

"இல்லாமப் போகட்டுமே. அதுக்கு என்ன நஷ்டம்?"

பார்வையாளர்கள் குழம்புவார்கள் என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன். குட்டை வந்தது.

நான் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான தவளைகளில் கருவுறுதல் உடலுக்கு வெளியேதான் நடக்கிறது. முட்டைக்கு ஓடு வேண்டுமென்றால் அதற்கு முன்பே, உள்ளேயே கருவுற வேண்டும். மூச்சு விடவும் கழிவைச் சேர்த்து வைக்கவும் உள்ளே தனித்தனிச் சவ்வுகள் வேண்டும். செதில் ஒட்டுவது போன்ற வேலை இல்லை அது. அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும்.

முடிந்திருக்குமா? வட அமெரிக்காவின் வால் தவளை உள்ளேதான் கருவுறுகிறது. தென் ஆப்பிரிக்கா, நமீபியா கடற்கரை மணலில் பனிமூட்டத்தின் ஈரத்தை நம்பி வாழும் குட்டித் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. முட்டைக்குள்ளிருந்து தவளையாகவே வருகிறது. அதற்குக் குட்டை எதற்கு? 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருக்கும், நீரருகே இருந்த ஏதோ ஒரு கூட்டத்தின் முட்டைக்குள் அந்தச் சவ்வுகள் உண்டாகி, ஊர்வனவும் பறவைகளும் நாமும் வந்தோம். அன்றைக்கு என்னை மாதிரி ஒரு ஆலோசகர் இருந்திருந்தால் குட்டையைப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

அதற்காக ஓவியர் சொன்னதே சரி என்றும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வட அமெரிக்கப் பாலையில் ஒரு மண்வெட்டிக்கால் தவளை உண்டு. வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழை இடிக்கும் சத்தத்தில் மேலே வந்து, தேங்கிய நீரில் முட்டையிடும். அந்தக் குட்டை வற்றுவதற்குள், சில சமயம் 8, 9 நாட்களிலேயே, தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேறிவிடும். காய்ந்த நிலத்தில் பிழைக்க இதுவே போதுமென்றால் ஓடு எதற்கு? தவளைகள் கிட்டத்தட்ட 20 கோடி ஆண்டுகளாக அதே நனைந்த தோலோடு காலம் தள்ளுகின்றன. ஆனால் இதையும் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் "அது தவளையே இல்ல" என்பதுதான். அது அறிவியலா, என் அலமாரியின் பெயர்ச்சீட்டா?

இப்போது உப்பு ஏரி விலங்கு ஒன்று கேட்டிருக்கிறார்கள். அதே ஓவியர்தான். "எதைத் தொடக்கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க சார்" என்றார். தோலைத் தொடாதீர்கள், முட்டையைப் பற்றி வரைவு வந்ததும் பார்க்கலாம் என்றேன். ஓடு போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று இரண்டாக வரையட்டுமா என்று கேட்டார். வரையுங்கள் என்றேன். ஒரு பேனலுக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.