மாயாபுரில இருந்து கம்பம் வரைக்கும் போற மட்கார்டு

தூத்துக்குடில இருந்து டெல்லிக்கு வந்து செட்டில் ஆனவங்க கவர்ன்மென்ட் வேலைல இருப்பாங்க, இல்லன்னா ஆபீஸ் வேலை. நான் பழைய லாரி, ஜீப் பாடி பார்ட்ஸ் வாங்கி தெக்க அனுப்புறேன். இதுல ஒரு பொழப்பு ஓடுமான்னு ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க, ஓடுது, ஏன்னா டெல்லி தகடும் கடற்கரை தகடும் ஒண்ணு கிடையாது.

எங்க ஊர்க்காரங்களுக்கு துருவைப் பத்தி பாடம் எடுக்க வேணாம். உப்பளத்துல ஓடுற லாரிய அடில குனிஞ்சு பாத்திருப்பீங்க, லோடுல இருந்து உப்புத்தண்ணி வடிஞ்சு சேஸிஸ் மேல விழும், பகல்ல காயும், ராத்திரி கடல் காத்துல மறுபடி நனையும். உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து தகட்டு மேலயே பிடிச்சு வச்சுக்கும், அது இருக்கற வரைக்கும் துரு நிக்காது, பெயின்ட்டுக்கு அடிலயே ஊர்ந்து போய்க்கிட்டே இருக்கும். டிங்கரிங் பண்ணி, பள்ளத்தை நிரப்புற பட்டி வச்சு பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்கே கொப்புளம் கிளம்பிடும். சென்னை, கொச்சி, மும்பைன்னு கடலோரம் எங்க போனாலும் இதே கதைதான்.

டெல்லில ஜூலை ஆகஸ்ட்ல மழை, டிசம்பர் ஜனவரில மூடுபனி, மிச்ச நாள் பூரா வறண்ட காத்து. இங்க வெயில்ல ரப்பர் வெடிக்கும், பெயின்ட் வெளுக்கும், டேஷ்போர்டு பொரிஞ்சு போகும், ஆனா தகடு கெட்டியா இருக்கும். அதனால இங்க இருந்து ரப்பர் பீடிங், சீட் கவர் எல்லாம் வாங்கவே வாங்காதீங்க, இரும்பு மட்டும் வாங்குங்க. அமெரிக்காலயும் இதே யாவாரம் உண்டு, பனிக்கு ரோட்டுல உப்பு போடற மிச்சிகன் பக்கம் பழைய பிக்கப் எல்லாம் அரிச்சுப் போகும், அரிசோனா பாலைவனத்துல கிடக்கற வண்டில இருந்து கதவு, பானெட்டு கழட்டி அங்க அனுப்புவாங்க.

டெல்லில இன்னொரு விஷயம் சேந்துக்கிச்சு. பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, டீசல் 10, பெட்ரோல் 15ன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிச்சு. அப்ப ஓடிக்கிட்டிருந்த நல்ல வண்டியெல்லாம் வயசு ஒண்ணுக்காகவே காயலாங்கடைக்கு வந்துச்சு. கடற்கரைல வண்டி துருவால சாகும், இங்க தேதியால சாகுது. தேதியால செத்த வண்டியோட தகட்டை உருக்கப் போறாங்களேன்னு எனக்கு நெஜமாவே வயிறு எரியும்.

நான் குடியிருக்கறது டெல்லி ஹரி நகர்ல, பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற மாயாபுரி மார்க்கெட் நடந்து போற தூரம்தான். சந்துக்குள்ள போனா ரெண்டு பக்கமும் கதவு, ஆக்ஸில், கியர் பாக்ஸ் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், காலுக்கடில மண்ணே கருப்பா ஆயில் ஊறிக் கிடக்கும். புதுசா வந்தப்ப இந்தி சுத்தமா வராது, விரலக் காட்டித்தான் வெல பேசுவேன். ஒரு சர்தார்ஜி கடைல நான் மட்கார்டைத் திருப்பிப் போட்டு பாக்கறதக் கவனிச்சுட்டு, "எல்லாரும் மேல பாப்பாங்க, நீ எதுக்குப்பா அடில பாக்குற"ன்னு கேட்டார். "எங்க ஊர்ல கடல் இருக்கு பாஜி"ன்னேன். அதுக்கப்புறம் நல்ல பீஸ் வந்தா எனக்குன்னு ஓரமா எடுத்து வைக்க ஆரம்பிச்சார், இந்தியும் பாதி அவர் கடைலதான் கத்துக்கிட்டேன்.

பாக்கறது எப்படின்னா, மொதல்ல காந்தம். தகட்டுல ஒட்டிக்கிட்டே வர்ற காந்தம் ஒரு எடத்துல வழுக்கிச்சுன்னா அங்க உள்ள பட்டி இருக்குன்னு அர்த்தம். அடுத்து ரெண்டு தகடு சேர்ற மடிப்பு, ஸ்பாட் வெல்டு போட்ட ஓரம், தண்ணி வடியற ஓட்டை, இந்த மூணு எடத்துலயும் ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாக்கணும், மேல லேசா செவந்திருந்தா பரவாயில்ல, பொருக்கா உதிர்ந்தா விட்டுடணும். விரல் முட்டியால தட்டினா நல்ல தகடு வெங்கலப் பானை மாதிரி கணீர்னு சொல்லும்.

அதிகமா கேக்கறது மஹிந்திரா எம்எம்540 பாடி பீஸ், ராணுவம் ஏலத்துல விட்ட ஜோங்கா ஜீப்போட கிரில், பழைய டாடா லாரி பானெட்டு. டாடா-மெர்சிடிஸ் லாரி 1954ல ஜாம்ஷெட்பூர்ல வர ஆரம்பிச்சுது, ஒப்பந்தம் 1969ல முடிஞ்சதும் முன்னாடி இருந்த மெர்சிடிஸ் ஸ்டார் சின்னம் போயி டாடா எழுத்து வந்துச்சு, அந்த ஸ்டார் காலத்து கிரில் நெளியாம கிடைச்சா சென்னைல ரெஸ்டோர் பண்றவங்க வெலையே கேக்க மாட்டாங்க.

சேஸிஸ் நம்பர் இருக்கற பீஸை நான் தொடறதே இல்ல. ஆர்சி கேன்சல் பண்ணின பேப்பரைப் பாத்துட்டுத்தான் வாங்குவேன், பில்லு இல்லாத சரக்கு எவ்வளவு மலிவா வந்தாலும் வேணாம். என்னன்னே தெரியாத இரும்பும் வேணாம், 2010ல இதே மாயாபுரில கோபால்ட்-60 இருந்த பழைய மெஷினைப் பிரிச்சதுல கதிர்வீச்சு பட்டு ஒரு ஆளோட உயிரே போச்சு, பழைய கடைக்காரங்க இன்னமும் அதச் சொல்லுவாங்க.

அனுப்பறதுதான் பெரிய வேலை. சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர்ல புக்கிங், சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல போனா இ-வே பில்லுன்னு ஆன்லைன்ல எடுக்கற சரக்கு சீட்டு. குளிர்காலத்துல சில்லுனு இருக்கற தகட்டை பிளாஸ்டிக்ல இறுக்கிச் சுத்தி அனுப்பினா சென்னை ஈரத்துல உள்ளயே வேர்த்துடும், நல்லா வந்த பீஸு போய்ச் சேர்றப்ப செவந்திருக்கும். அதனால மொதல்ல ஆயில் தடவி, மேல அட்டை, அப்புறம் சாக்கு, காத்து போக ஓரத்துல இடம் விட்டுடுவேன்.

கம்பத்துல ஒரு ஜீப் மெக்கானிக் அண்ணன் இருக்கார், மலை மேல எஸ்டேட்டுக்கு ஓடற ஜீப்பெல்லாம் அவர்கிட்டதான் வரும். மொதல் தடவ அனுப்பினப்ப பிரிச்சதும் போன் பண்ணி, "தம்பி, போட்டோல காட்டின ஓட்டை அப்படியே இருக்கு, காட்டாத ஓட்டை ஒண்ணு கூட இல்ல"ன்னார். ராத்திரி பூரா சந்தோசமா இருந்துச்சு. அவர் சொல்லித்தான் மூணாறு, குமுளி ஆளுங்க இப்ப நேரா எனக்கே கூப்பிடறாங்க.

எந்த பீஸா இருந்தாலும் அடிப்பக்கம் போட்டோ நாலு எடுத்து அனுப்பிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குவேன். நீங்களும் யார்கிட்ட வாங்கினாலும் அடிப்பக்கத்தைக் கேட்டு வாங்குங்க. இப்ப கைல எம்எம்540 பின் கதவு ரெண்டு இருக்கு, வின்ட்ஷீல்டு ஃப்ரேம் ஒண்ணு இருக்கு, மழை தொடங்கறதுக்குள்ள ஏத்திவிடணும்.