ஒரு குடத்துக்கு மூன்று லேயர், இரண்டு ஞாயிறு

போன வாரம்தான் நான் அனிமேஷன் செய்த ஒரு ஷாட் ஓகே ஆனது. 240 ஃபிரேம், பத்தே விநாடி. ஒரு பாட்டி குழாயடியில் குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு படி ஏறுவாள். அவ்வளவுதான். இதற்காக நான் திருவொற்றியூரிலிருந்து வடபழனிக்கு, சென்ட்ரலில் மெட்ரோ மாறி மாறி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கிறேன்.

வினை மோகேப் எடுத்த அன்றே, அதாவது ஒருவரை நடிக்க வைத்து அவர் அசைவைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்த அன்றே, ஆரம்பித்துவிட்டது. குடத்துக்குப் பதில் காலி வாளி. நடித்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். பாட்டி ஜிம்முக்குப் போகிறவள் மாதிரி படியேறினாள். டைரக்டர் பார்த்துவிட்டு ஒரே வரி சொன்னார்: "குடத்துல தண்ணியே இல்லையேம்மா."

உண்மைதான். 2019 கோடையில் லாரித் தண்ணிக்கு வரிசையில் நின்ற யாருக்கும் தெரியும், நிறைகுடம் இடுப்பில் ஏறினால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கிற கை காற்றில் துழாவும், ஒவ்வொரு படிக்கும் தலை லேசாக முன்னால் போகும். இதில் ஒன்றுகூட அந்தப் பையனிடம் இல்லை.

மோகேப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கீ, அதாவது அந்த ஃபிரேமில் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவு. ஒரு சேனலுக்கு (ஒரு மூட்டின் ஒரு திசைச் சுழற்சி மாதிரி) 240 கீ என்றால், அசைவைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டரில் கர்வ் தெரியாது, எறும்பு வரிசைதான் தெரியும். அதில் கை வைக்க முடியாது. ஆகவே அனிமேஷன் லேயர்: மோகேப்பைத் தொடாமல் அதன்மேல் திருத்தத்தைத் தனி அடுக்காகப் போடுவது. நாங்கள் வேலை செய்யும் மாயா மென்பொருளில் இது 2009 வெர்ஷனில்தான் வந்தது. அதற்கு முன்னால் என்ன பண்ணுவீங்க அண்ணா என்று எங்கள் லீடைக் கேட்டால், ரிக்கில் (பாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூடு) ஒவ்வொரு கன்ட்ரோலுக்கு (அசைக்கப் பிடிக்கும் பிடி) மேலும் ஒரு வெற்று குரூப் போட்டு அதில் கீ வைத்த கதையை ஆரம்பித்து டீ ஆறுகிறவரை சொல்வார்.

லேயர் போடுவது ஒரு நிமிட வேலை. முதல் லேயர் போட்டதுமே அடியில் ‘பேஸ் அனிமேஷன்’ தானாக வந்து உட்காரும், மோகேப் அதற்குள் இருக்கும். முதுகு, கை, தலை என்று மூன்று போட்டேன். பெயர் வைக்கச் சோம்பல்பட்டு ‘லேயர்1, லேயர்2’ என்று விட்டால் மூன்றாம் நாள் நீங்களே உங்களைத் திட்டுவீர்கள்.

முதல் சொதப்பல் முதுகில். 96ஆம் ஃபிரேமில் முதுகுக் கன்ட்ரோலை இடப்பக்கம் 12 டிகிரி சாய்த்துக் கீ வைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் பிளேபிளாஸ்டில் (சோதனைக்கு எடுக்கும் விரைவு வீடியோ) பாட்டி முதல் ஃபிரேமிலேயே சாய்ந்து நிற்கிறாள், குடமோ இன்னும் குழாயடியில். கீழே இருப்பதன்மேல் கூட்டுகிற அடிடிவ் லேயரில் ஒற்றைக் கீ இருந்தால் அந்தச் சாய்வு ஷாட் முழுக்கச் சேரும். முதலில் சாய்வு தொடங்கும் ஃபிரேமுக்குப் போய் ‘ஜீரோ கீ லேயர்’ பட்டனை அழுத்த வேண்டும். லேயரே இல்லாவிட்டால் பாட்டி அங்கே எப்படி நிற்பாளோ, அந்த நிலைக்கு ஒரு கீ விழும். அதற்கப்புறம்தான் சாய்க்க வேண்டும். குடத்தை இறக்கி வைக்கிற ஷாட் என்றால் கடைசியிலும் இன்னொன்று.

கையில் விழுந்தது வேறு அடி. குடத்தின் கழுத்தைப் பிடிக்கிற விரல்களுக்கு மோகேப் உதவாது, வாளியின் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் அவை. அதனால் அந்த லேயரை ஓவர்ரைடில் போட்டேன். ஓவர்ரைட் கீழே இருப்பதை அப்படியே மூடிவிடும். விளைவு, பாட்டி முதல் ஃபிரேமிலிருந்து இல்லாத குடத்தைப் பிடித்தபடி விரலை வளைத்துக்கொண்டு நடந்து வந்தாள். ஜீரோ கீ இங்கே கைகொடுக்காது. லேயரின் வெயிட்டுக்குத்தான், அதாவது அது எவ்வளவு பலிக்க வேண்டும் என்ற அளவுக்குத்தான், கீ வைக்க வேண்டும். 66இல் வெயிட் 0, 70இல் 1. நாலு ஃபிரேமில் கை குடத்துக்குப் போய்விட்டது.

இன்னொன்று. எந்த லேயர் செலக்ட் ஆகியிருக்கிறதோ அதில்தான் கீ விழும். தலைக்கு வைத்த ஏழெட்டு கீ என் அஜாக்கிரதையால் பேஸில் போய் மோகேப்புக்கு நடுவே ஒளிந்துகொண்டது. தேடி எடுக்க ஒரு மாலை போனது. பேஸை முதல் காரியமாகப் பூட்டிவிடுங்கள்.

நல்லது ஒன்றும் நடந்தது. ரிவ்யூவில் டைரக்டர், "இப்ப ரொம்பக் கனமா இருக்கே, கல்லைத் தூக்கற மாதிரி" என்றார். நாளைக்குத் தருகிறேன் சார் என்று சொல்லாமல், முதுகு லேயரின் வெயிட்டை 1லிருந்து மெல்ல இழுத்தேன். 0.8. 0.7. "அங்க நிறுத்து!" வேலை முடிந்தது. லீட் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு ஒரு மாதச் சம்பளம் தரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே சாய்வு, கை, தலை எல்லாவற்றையும் ஒரே லேயரில் கொட்டக்கூடாது.

அப்புறம் பப்ளிஷ், அதாவது முடித்த ஃபைலை ஒப்படைப்பது. கிளையன்ட் தந்த, ஃபைலைச் சோதிக்கும் செக்கர் ஸ்கிரிப்ட் என் ஃபைலைத் திருப்பி அடித்தது: கன்ட்ரோல்களில் அனிமேஷனே இல்லையாம்! திரையில் பாட்டி ஏறிக்கொண்டிருக்கிறாள். லேயர் போட்டால் கர்வ் நேராகக் கன்ட்ரோலுக்குப் போகாது, நடுவில் லேயர்களைக் கலக்கும் பிளெண்ட் நோடு ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அந்த ஸ்கிரிப்ட் நேர் இணைப்பை மட்டும் தேடுகிறது. கிளையன்ட் தரப்பில் கேட்டால், "லேயரை மெர்ஜ் பண்ணி அனுப்புங்க" என்று பதில். வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மெர்ஜ் செய்தேன், எல்லா லேயரும் ஒன்றாகக் கலந்துவிடும். மோகேப் ஷாட் என்பதால் ஃபிரேமுக்கு ஒரு கீ விழுவதைப் பற்றிக் கவலையில்லை, ஏற்கெனவே அப்படித்தான். கையால் கீ வைத்த ஷாட்டாக இருந்தால் தேவையான இடத்தில் மட்டும் கீ வைக்கும் ஸ்மார்ட் பேக்கை ஆன் பண்ணாமல் மெர்ஜ் பக்கமே போகாதீர்கள், உங்கள் அழகான பத்துக் கீ இருநூற்று நாற்பதாகிவிடும். மெர்ஜ் ஆனதும் மூன்று லேயரும் காணாமல் போயின. ஆப்ஷனில் அப்படித்தான் இருந்தது, நான் பார்க்கவில்லை. பார்க்காததோடு நிற்காமல் அதே பெயரில் சேவ் செய்துவிட்டு, கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓடினேன்.

சனிக்கிழமை போன் வந்தது. "ஏம்மா, தலை ஆட்டத்தைப் பாதியாக்கணுமாம். வெயிட்டைக் குறைச்சா போதும்ல?"

வெயிட்டைக் குறைக்க லேயர் எங்கே இருக்கிறது? முதல் ஞாயிறு அப்படிப் போனது. ஒவ்வொரு சேவுக்கும் பழைய காப்பியை வைத்திருக்கும் இன்க்ரிமென்டல் சேவும் ஆஃபில் கிடந்தது. விரல்களைச் சரிபார்க்க லீட் அண்ணன் வியாழக்கிழமை எடுத்துவைத்த ஒரு காப்பி அவர் மெஷினில் இருந்ததால் பிழைத்தேன். முதுகும் கையும் அதில் இருந்தன, தலையை மட்டும் புதிதாகச் செய்தேன். இப்போது மெர்ஜுக்கு முன் ஃபைல் பெயரில் ‘லேயரோட’ என்று ஒட்டித் தனியாக ஒரு காப்பி வைக்கிறேன். யார் சிரித்தாலும் சரி.

இரண்டாவது ஞாயிறு லைட்டிங் டீமின் உபயம். "142ல கை மட்டும் கரைஞ்சு போகுது." என் திரையில் ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பார்த்தேன், கை கல் மாதிரி இருந்தது. அரை மணி நேரம் அவர்களோடு வாக்குவாதம். பிறகு மணிக்கட்டின் சுழற்சிக் கர்வைத் திறந்தால், 142க்கும் 143க்கும் நடுவே 360 டிகிரிக்கு ஒரு தாவல். முழு ஃபிரேமில் கை ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் தெரியும். அசைவை மங்கலாக்கிக் காட்டும் மோஷன் பிளர் இரண்டு ஃபிரேமுக்கு இடையிலும் பார்க்குமே, அங்கே மணிக்கட்டு முழுச் சுற்று சுற்றுகிறது. எக்ஸ், ஒய், இஸட் மூன்று கர்வையும் சேர்த்து செலக்ட் செய்து இந்தத் தாவலைச் சரிசெய்யும் ஆய்லர் ஃபில்டர் ஒரு தட்டு. ஐந்து விநாடி. அதற்கு இரண்டு மெட்ரோ, ஒரு ஷேர் ஆட்டோ. லைட்டிங் பையனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஷாட்டில் அதே பாட்டி இரண்டு குடத்தோடு வருகிறாள். மோகேப் வரும் புதன்கிழமை. குடத்தில் நிஜத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தரை நனையும் என்று ஸ்டூடியோக்காரர்கள் யோசிக்கிறார்கள்.