படலைக்கு வெளியே ஒரு சைக்கிள்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றியோ பரிசளிப்பு விழாவைப் பற்றியோ எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பந்திக்கு மேல் போகவில்லை. மனம் ஒரு வாங்கிலேயே போய் நின்றது. எட்டாம் வகுப்பிலிருந்து ஏ.எல் என்ற உயர்தரச் சோதனை வரை நானும் என் சிநேகிதன் ஒருவனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த வகுப்பறைப் பலகை வாங்கு. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. கூடப் படித்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்த 1990 ஆனி மாதம் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அதன் பிறகு ஏ.எல் சோதனை வரை நாங்கள் மின்குமிழ் வெளிச்சத்தில் படிக்கவேயில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி. அந்த எண்ணெயும் நெருப்பு விலை. இரண்டு பேர் ஒரு விளக்கில் படித்தால் ஒரு வீட்டுக்கு எண்ணெய் மிச்சம். அப்படித்தான் நாங்கள் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். எங்கள் வீட்டில் அல்ல, அவன் வீட்டில்.

பின்னேரம் ரியூசனுக்குப் போக என்னைக் கூட்டிப்போக வருவான். எங்கள் வேலி வாசலில் இருந்த படலைக்கு வெளியே, சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இரண்டு தரம் பெல் அடிப்பான். "தம்பி, உன்ர சிநேகிதன் வந்து நிக்கிறான்" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொல்லுவா. மற்றப் பெடியள் வந்தால் விறாந்தையில் இருப்பார்கள், அம்மா தேத்தண்ணி கொடுப்பா. அவன் ஐந்து வருடத்தில் ஒரு நாளும் படலை தாண்டவில்லை. அவனுக்குக் கூச்சம் என்று நான் நினைத்தேன். விவாதப் போட்டியில் மேடை ஏறினால் பின்வரிசை வரை கேட்கும் குரல் அவனுடையது. அந்தக் குரலுக்கும் இந்தக் கூச்சத்துக்கும் பொருந்தவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

அந்த வாங்கின் கதையை நான் அறிந்தது லண்டன் வந்து வாசிக்கத் தொடங்கிய பிறகு. எங்கள் பாட்டன் காலத்தில், சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்ட அவனுடைய ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் நிலத்தில்தான் இருத்தினார்கள், அல்லது உயரம் குறைந்த பதிந்த வாங்கு ஒன்றைத் தனியாகப் போட்டார்கள். அரசாங்கத்திடம் நன்கொடை வாங்கும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று 1929 அளவில் கட்டளை வந்தது. அதைப் பொறுக்காமல் 1930 இல் சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். மறுபக்கத்தில், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞர்களும் சம ஆசனம், சமபந்தி போசனம் என்று ஊரின் வசவை வாங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாங்கள் அந்த வாங்கில் போய் இருந்த நேரம், அதற்காக ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். அறுபது வருடத்தில் வாங்கு வெறும் வாங்காகிவிட்டது. மை கொட்டிய, பெயர் செதுக்கிய பலகை. யார் எங்கே இருப்பது என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. ஒரு சட்டம் பிள்ளைகளின் மனதில் இவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

ஆனால் படலைக்கு எந்தக் கட்டளையும் வரவில்லை. பொது இடங்களில் சாதி பார்த்து மறிப்பது குற்றம் என்று 1957 இல் சட்டம் வந்தது உண்மை. எங்கள் வீட்டு விறாந்தை பொது இடம் இல்லையே.

அம்மா கெட்டவ இல்லை. இதை மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி கொண்டுபோகிறவ. அவனுடைய சோதனை மறுமொழியை என்னுடையதற்கு முன்னமே கேட்பா. பிறகு ஏன் அப்படி நடந்தா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் வீடு அம்மாவின் சீதனம். அம்மாவுக்கு அது அம்மம்மாவிடமிருந்து வந்தது. ஒல்லாந்தர் 1707 இல் எழுதிவைத்த, யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமையில், சீதனம் தாய்வழியாக மகளுக்குப் போகிற சொத்து. அதனால் எங்கள் ஒழுங்கை முழுவதும் அம்மாவின் சகோதரங்கள். வலப்பக்கம் பெரியம்மா, எதிர்ப்பக்கம் சின்னம்மா, அங்கால் அம்மாவின் மச்சாள்மார். காணி உறுதிகளில் "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும்" என்று எழுதியிருக்கும். ஒரே கிணற்றில் நாலு வீடு தண்ணீர் அள்ளும். எங்கள் விறாந்தையில் யார் தேத்தண்ணி குடித்தது என்பது விளக்கு வைக்கும் முன்னம் நாலு வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். கலியாணம் பேசி வருகிற ஆட்கள் முதலில் விசாரிப்பது ஒழுங்கையில்தான். "அந்த வீட்டுக்கு ஆர் ஆர் வந்து போறவை?" என்று கேட்டால், பெரியம்மா பொய் சொல்ல மாட்டா. அம்மா பயந்தது பதினாலு வயதுப் பெடியனுக்கு இல்லை, அந்த ஒரு கேள்விக்கு. அந்தக் கேள்விக்குப் பெரியம்மாவும் பயந்தா, சின்னம்மாவும் பயந்தா. ஒருவருக்கொருவர் பயந்து எல்லோருமாக அந்தப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதனால் அம்மா செய்தது சரியாகிவிடாது. உள்ளே வர முடியாமல் நின்றது அவன்தான்.

அவன் வீட்டுக்கு நான் முதல் முறை போன அன்று, அவனுடைய அம்மா என்னைக் கண்டதும் பதறிப்போனா. தண்ணீர் வேணுமோ என்று கேட்கவில்லை. அவனை மரத்தில் ஏற்றி ஒரு இளநீர் பிடுங்குவித்து, அவனைக்கொண்டே வெட்டுவித்துத் தந்தா. போகும் நாளெல்லாம் இளநீர்தான். எனக்குப் பெரிய மரியாதை நடக்கிறது என்று பூரித்துப்போயிருந்தேன். பிறகு ஒரு நாள் வெயிலில் ஓடிப்போய், கேட்காமலே அவர்கள் குடத்தில் தண்ணீர் வார்த்துக் குடித்தேன். அந்தத் தாய் வாசலில் நின்று வெளியே ஒழுங்கையைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை. அதை நான் எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

1995 ஆவணியில் ஏ.எல் எடுத்தோம். ஐப்பசி 30ஆம் திகதி இரவு சண்டைக்குப் பயந்து எங்கள் பகுதியான வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. அந்த மழையையும் நெரிசலையும் இந்த மலரில் பலமுறை வாசித்திருப்பீர்கள். அந்த இரவில் அவனுடைய குடும்பம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. நாங்கள் பாலத்துக்கு அங்கால், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினோம். அம்மாவுக்கு இரண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. பள்ளிக்கூடக் கிணற்றில் அத்தனை சனத்துக்கும் தண்ணீர் காணாது. பக்கத்து வீடு ஒன்றின் படலையில் அம்மா வாளியோடு போய் நின்றா. நானும் கூட நின்றேன். அந்த வீட்டு அம்மா நல்ல மனிசி. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டா. அம்மா சொன்னா. "சரி, கிணத்தடிக்கு வராதேங்கோ. வாளியைத் தாங்கோ, நாங்கள் அள்ளி ஊத்திறம்." எங்களை அவவுக்குத் தெரியாது. யார் எவர் என்று தெரியாத ஆட்களைக் கிணற்றடிக்கு விட்டால் அவவின் ஒழுங்கை என்ன சொல்லும் என்று அவவும் பார்த்திருப்பா.

அம்மா வாளியை நீட்டினா. படலைக்கு வெளியே நின்றா. வாழ்நாளில் முதல் தடவை.

அன்று இரவு வாங்கில் படுத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெடியன் எங்கை இருக்கிறானோ தெரியேல்லை" என்று சொன்னா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் அம்மா வேறு ஆளாக இருந்தா. எங்கள் அறையில் தங்கிய மூன்று குடும்பத்துக்கும் ஒரே பானையில் சமைத்தா. யார் எவர் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். முதலில் கிணறு இறைத்தோம். அப்புறம் வேலி அடைத்தோம். பெரியம்மா வந்தா, சின்னம்மா வந்தா. நான் லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து, இரண்டு தங்கச்சிமாரின் கலியாணத்துக்கும் காசு அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அம்மா தொலைபேசியில் விசாரித்த விசாரிப்பில் தென்மராட்சி வாளி இல்லை. ஒழுங்கை கலைந்திருந்தபோது கழன்ற பயம், ஒழுங்கையோடு திரும்பி வந்துவிட்டது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை நானும் பேசவில்லையே.

இங்கே ஒழுங்கையும் இல்லை, வேலியும் இல்லை. போன மார்கழியில் எங்கள் சங்கத்தின் இராப்போசனத்தில், என் மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெடியனிடம் போய், "தம்பி, ஊரிலை எவடம்?" என்று கேட்டேன். இங்கே பிறந்த பிள்ளை அவன். அப்பாவின் ஊரைச் சொன்னான். "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று என் வாய் தானாகக் கேட்டது. அவன் முகம் இறுகியது. அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். படலைக்கு வெளியே, சைக்கிளில்.

அடுத்த கிழமை நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பாரிஸில் இருக்கிறான். எங்கள் சங்க விழாக்களுக்கு அவன் ஒருமுறையும் வந்ததில்லை. முப்பது வருடமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். இளநீரைப் பற்றிக் கேட்டேன்.

"உனக்கு வீட்டிலை ஏச்சு விழக்கூடாது எண்டுதான் அம்மா அப்பிடிச் செய்தவ. நீ குடத்திலை குடிச்ச அண்டு இரவு அவ நித்திரை கொள்ளேல்லை" என்றான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"மச்சான், நான் இப்பவும் ஆரின்ரையும் வீட்டுக்குப் போனா பெல் அடிக்கிறேல்லை. றோட்டிலை நிண்டு போன் எடுப்பன், வந்திட்டன் எண்டு. மனிசி பேசுவா."

"பிள்ளையள்?"

"அவையள் கதவைத் திறந்துகொண்டு உள்ளுக்குப் போயிடுவினம். நான் பிறகு போவன்."