முட்டி தேய்ந்த பிறகு எந்த உடற்பயிற்சி?

முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டில் கடைசி வரி பெரும்பாலும் "உடற்பயிற்சி செய்யவும்" என்றுதான் இருக்கும். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்பதெல்லாம் நம் பாடு. ஒருவர் வாக்கிங் போகச் சொல்வார், இன்னொருவர் நடக்கவே கூடாது என்பார், மூன்றாமவர் எட்டு வடிவத்தில் நடக்கச் சொல்வார். சொந்தக் கதையை விட்டுவிட்டு, இந்தக் குழப்பத்தைத் தாண்டி ஒரு பயிற்சியில் நிலைப்பதற்கு உதவுகிற விவரங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்ரே. நின்றபடி எடுத்ததுதான் பயன்படும். படுக்க வைத்து எடுத்தால் இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ரிப்போர்ட்டில் கிரேடு 3 (தேய்மானத்தின் அளவு, 4தான் உச்சம்) என்று பார்த்ததுமே பயந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் எக்ஸ்ரே கிரேடும் வலியும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. கிரேடு 3 வைத்துக்கொண்டு நன்றாக நடப்பவரும் உண்டு, கிரேடு 1லேயே படி ஏற முடியாதவரும் உண்டு. பயிற்சியைத் தேர்ந்தெடுக்க, வலி எந்த இடத்தில், எதைச் செய்யும்போது வருகிறது என்பதுதான் அதிகம் உதவும். முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலித்தால் மாடிப்படியும் குத்துக்காலிட்டு உட்காருவதும்தான் எதிரி. உள்பக்கம் வலித்தால் நீண்ட நடையும் காலை ஊன்றியபடி திரும்புவதும். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுப்போனால் அது பெரும்பாலும் தேய்மானத்தின் குணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். பயிற்சியைப் பற்றி யோசிக்கும் முன் டாக்டரிடம் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

"தேய்ஞ்சதை இன்னும் தேய்க்கணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தமும் விடுதலையும் மாறி மாறி வரும்போது, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, மூட்டுத் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அசையாமல் வைத்திருந்தால் அந்த வழி அடைபடுவதோடு தொடைத் தசையும் கரைந்து, அது தாங்கிய பாரமும் மூட்டின் தலையில் விழும்.

எந்த அசைவு எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்பதற்கு நேரடி அளவீடே இருக்கிறது. பெர்லினில், சென்சார் வைத்த செயற்கை முழங்கால் பொருத்தப்பட்ட 5 பேரிடம் அளந்து 2010ல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கையில் உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. மாடிப்படி ஏறுகையில் 3.2 மடங்கு. இறங்குகையில் ஏறத்தாழ 3.5 மடங்கு. நாற்காலியிலிருந்து எழும்போது 2.5 மடங்கு. இதே குழு பின்னர் அளந்ததில், மிதமாக சைக்கிள் மிதிக்கையில் உடல் எடையைவிடச் சற்றுத்தான் கூடுதல். படிக்கட்டில் ஏறுவதைவிட இறங்குவதற்கு ஏன் பயப்படுகிறோம் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். எடை குறைக்கச் சொல்வதும் இதனால்தான்: உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் ஏறுவதில் 4 கிலோ குறைகிறது.

அடுத்தது வலிக்கு ஓர் அளவுகோல். பூஜ்யம் முதல் 10 வரை மனசுக்குள் மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 2, 3 வந்தால் கவலையில்லை, 5 வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். உண்மையான தீர்ப்பு மறுநாள்தான் வரும். 24 மணி நேரத்துக்குள் வலி வழக்கமான நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. திரும்பவில்லை என்றால் பயிற்சியைக் கைவிடாமல் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஒரே சமயத்தில் இரண்டு புதுப் பயிற்சிகளைத் தொடங்கினால் எது வலிக்க வைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றை எடுத்து இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனால் இந்த அளவுகோல் பொய் சொல்லும்.

இந்தச் சோதனையில் தேறும் பயிற்சிகள் எப்படியும் மூன்று நான்கு இருக்கும். அவற்றில் எது என்பதை ரசனைக்கு விட்டுவிடலாம். இதை ஆடம்பரமாக நினைக்கக் கூடாது. பயிற்சியை விட்ட சில மாதங்களில் அதன் பலனும் கரைந்துவிடும் என்பதால், "சிறந்த" பயிற்சியை மூன்று மாதம் செய்து நிறுத்திவிடுவதைவிட, சுமாரான ஒன்றை வருடக்கணக்கில் செய்வது முட்டிக்கு லாபம். தனியாகச் செய்யப் பிடிக்குமா, பேச்சுத்துணை வேண்டுமா? பாட்டு இல்லாமல் ஓடுமா? விடியற்காலையில் எழுகிற ஆளா? இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய நீச்சல் குளம் எவ்வளவு நல்லதானாலும் இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

நடை எல்லோருக்கும் கைக்கெட்டியது, அதனால் முதலில் அதைப் பார்க்கலாம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட 10 நிமிடமாக மூன்று வேளை நடந்தால் முட்டி அடங்கியிருக்கும். கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் முட்டிக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. காய்ந்த மணலில் கால் புதைவதால் ஒவ்வொரு அடியும் கூடுதல் வேலை. தண்ணீர் ஓரத்து ஈர மணல் கெட்டிதான், ஆனால் சரிவு. போகும்போது ஒரு கால் தாழ்ந்தே இருக்கும். சமதரைப் பூங்காப் பாதை இதைவிட மேல். மொட்டை மாடி நடையில் சிக்கல் தூரத்தில் இல்லை, திருப்பத்தில் இருக்கிறது. இருபதடி போய்த் திரும்பி, மறுபடி இருபதடி போய்த் திரும்பி என்று ஒவ்வொரு முறையும் ஊன்றிய காலின் மேல் முட்டி முறுகும். எட்டு நடை முழுக்கவே திருப்பம்தான். உள்பக்கம் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆசையை விட முடியாவிட்டால் எட்டைப் பெரிதாகப் போட்டு, சின்னச் சின்ன அடியாக வைத்து மெதுவாகத் திரும்புங்கள். கைத்தடி பிடிக்க வேண்டியிருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டரை ஒரு குறிக்கோளாக வைத்துக்கொள்வதில் தவறில்லை, பழக்கமில்லாமல் ஒரே ராத்திரியில் நடந்து முடிப்பதுதான் வினை.

தண்ணீர்தான் என் கட்சி. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலின் மேல் இறங்குவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி. மார்புக்குழி வரை நின்றால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்து வரை என்றால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீச்சல் தெரியாதவர்களும் ஆழம் குறைந்த பக்கத்தில் மார்பளவுத் தண்ணீரில் நடக்கலாம். முன்னோக்கி 10 நிமிடம், பின்னோக்கி 5, பக்கவாட்டில் 5 என்று தொடங்கலாம். பின்னோக்கி நடக்கையில் தொடை முன்தசைக்கு நல்ல வேலை. கனம் கூட்ட எந்தக் கருவியும் வேண்டாம், வேகம் போதும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும்.

கெடுவது எங்கே என்றால், உள்ளே இருக்கும்போது வலியே தெரியாது. உற்சாகத்தில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வெளியே வந்து முதல் படியில் கால் வைக்கும்போது மொத்த எடையும் திரும்பி வந்து உட்காரும். முதல் வாரம் 15 முதல் 20 நிமிடத்தோடு ஏறிவிட வேண்டும். குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் ஏறும் வழியைப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய செங்குத்து இரும்பு ஏணி மட்டும் இருந்தால் அது நமக்கான குளம் இல்லை. ஒவ்வொரு கம்பியிலும் முட்டியை ஆழமாக மடக்கி ஒற்றைக் காலில் உடம்பைத் தூக்க வேண்டியிருக்கும். அகலமான படிகளும் கைப்பிடியும் வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இது வீட்டு மாடிப்படிக்கும் பொருந்தும். குளத்தைச் சுற்றியுள்ள டைல்ஸில் வழுக்கி விழுந்து, இல்லாத பிரச்சினையை வாங்கி வருபவர்களும் உண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள தண்ணீர் ஷூ இருந்தால் நிம்மதி. பருத்தி உடை தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும், பல குளங்களில் அனுமதியும் இல்லை. நைலான் லெக்கிங்ஸும் முழுக்கை டாப்பும் போதும். பெண்களுக்கான தனி நேரம் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: தவளை நீச்சல் வேண்டாம். கால்களை மடக்கி வெளிப்பக்கம் வீசி உதைக்கும்போது முட்டியின் உள்பக்க நாரில் இழுவை விழும். கால்களை ஓரளவு நீட்டி, இடுப்பிலிருந்து மேலும் கீழும் அடிக்கும் நீச்சல் பரவாயில்லை. ஊர்க் கிணறும் குளமும் ஆசைக்குச் சரி. பாசி பிடித்த படியும் கணிக்க முடியாத ஆழமும் முட்டி வலிக்காரருக்கு ஆகாது.

குளம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு சைக்கிள். இதில் வெற்றியும் தோல்வியும் சீட் உயரத்தில்தான். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்தால், முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு தானாகவே மிஞ்சும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிக்கு முன்னால் வலிக்கும். உயர்ந்திருந்தால் முட்டிக்குப் பின்னால் இழுக்கும், இடுப்பும் இரண்டு பக்கமும் ஆடும். பழைய சைக்கிள்களில் கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டுமென்று சீட்டை இறக்கி வைத்திருப்போம். முட்டி வலி வருவதற்கு அதுவே போதும். ஒரு முழுச் சுற்றுக்கு முட்டி ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டும். அவ்வளவு மடங்காதவர்கள் முழுச் சுற்றுக்கு முயலாமல், கொஞ்ச நாள் முன்னும் பின்னுமாக அரைச் சுற்று ஆட்டிப் பழகலாம்.

எக்சர்சைஸ் சைக்கிளில் எதிர்ப்பை மிகக் குறைத்து, நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று. கனமாக வைத்து மெதுவாக மிதிப்பதுதான் முட்டியை அழுத்தும். முதல் வாரம் 5 முதல் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டலாம். வாங்கிய நாளிலேயே டிவிக்கு எதிரே போடுங்கள். படுக்கையறை மூலைக்குப் போன சைக்கிள் துணி காயப்போடும் கொடியாகத்தான் பார்த்திருக்கிறேன். ரோட்டில் ஓட்டுவதானால் நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் ஆண்களுக்கும் நல்லது, காலைத் தூக்கிச் சுழற்றி ஏற வேண்டாம். சிக்னலில் கிளம்பும்போது நல்ல காலால் முதல் மிதி. மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

யோகாவில் முட்டியை ஆழமாக மடக்கும் வஜ்ராசனம், பத்மாசனம், மாலாசனம் மூன்றையும் ஒதுக்கிவிட்டால் மிச்சத்தில் நிறையச் செய்யலாம், நாற்காலியில் செய்வதைக் கேலியாகப் பார்க்காத ஆசிரியர் கிடைக்க வேண்டும். நின்று செய்யும் ஆசனங்களில் முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டாதீர்கள். அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019 வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்குத் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியை அழுத்தமாகப் பரிந்துரைத்திருக்கிறது. நம் ஊர்களில் கற்றுக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. ஆடப் பிடித்தவர்களுக்குக் கும்மி உண்டு, குதிப்பையும் ஆழமாகக் குனிவதையும் எடுத்துவிட்டு வட்டத்தில் நடந்து தட்டினால் போதும். ஜும்பா நடனப் பயிற்சியில் ஷூ தரையில் ஒட்டிக்கொள்ள உடம்பு மட்டும் திரும்பும், அது ஆபத்து. ஷட்டிலில் திடீர் நிறுத்தமும் எட்டி அடிப்பதும் அதிகம். முட்டி அவ்வப்போது சட்டென்று மடங்கிவிடுகிறவர்கள் ஷட்டிலை விட்டுவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே தொடைக்கு வலு சேர்க்க வேண்டும். இதில் பிடிக்கிறது பிடிக்கவில்லை என்ற பேச்சு கிடையாது. வாரத்தில் மூன்று நாள். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 வினாடி பிடித்து விடுவது 10 முறை. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஓர் அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது 10 முறை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வலித்தால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், தசை களைத்துவிட்டது என்று அர்த்தம்.

முட்டி சூடாகி வீங்கினால், மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டால், கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், காய்ச்சலோடு மூட்டு சிவந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். வெறும் உழைப்பு வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் மூடிவிடும், ரோட்டிலும் தண்ணீர் நிற்கும். அதனால் வெளியே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என இரண்டு பயிற்சி கையில் இருக்க வேண்டும். மழையோ கல்யாணமோ காய்ச்சலோ, இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய நேரத்தில் பாதி, முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள்.