மூடி வைத்த தட்டு

கோவையில் கடைகளுக்காகப் பொருட்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் எவர்சில்வர் பாத்திரங்கள். பளபளப்பான பாத்திரத்தில் கேமரா, ஸ்டாண்டு, என் சட்டை எல்லாமே தெரியும். அதனால் சுற்றிலும் ட்ரேசிங் பேப்பர் கட்டி, அதன் வழியாக வெளிச்சம் விடுவோம். கீறல் இருந்தால் கணினியில் அழித்துவிடுவோம்.

ஒருமுறை ஒரு பத்திரிகையில் சிறுகதைக்குப் படம் கேட்டார்கள். ஆள் இருக்கக் கூடாது, காத்திருப்பு தெரிய வேண்டும். கடிகாரம், காலி நாற்காலி, ஒரு ஜோடி செருப்பு, வாடிய மல்லிகை என்று நாள் முழுக்க அடுக்கி எடுத்து அனுப்பினேன். "எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க, பார்க்கிறவனுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலையே" என்றார் ஆசிரியர். மனசு விட்டுப்போய்விட்டது.

அன்று வீடு சேர மணி 11. அம்மா தூங்கிவிட்டிருந்தார். மேஜையில் சோற்றுத் தட்டு, அதன் மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. பக்கத்தில் சொம்புத் தண்ணீர், அதன் வாயில் தலைகீழாக டம்ளர். வருடக்கணக்காக இப்படித்தான். ஆனால் அன்று மூடியைத் தூக்கக் கை வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டேஸ் 1928இல் பாரிசில் எடுத்த படம் ஒன்று உண்டு. தட்டின் விளிம்பில் சாய்ந்த முள்கரண்டி, அதன் நிழல். அவ்வளவுதான். பின்னால் அதை ஒரு ஜெர்மன் கரண்டி நிறுவனம் விளம்பரத்துக்கே எடுத்துக்கொண்டது. கடைக்கான படத்துக்கும் மனசுக்கான படத்துக்கும் நடுவே சுவர் கிடையாது என்று நான் நம்புவதற்கு அந்தப் படம்தான் காரணம்.

மறுநாள் அதே தட்டுகளை ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "புதுத்தட்டு கொண்டு போ கண்ணு, இது நெளிஞ்சு கெடக்குது" என்றார் அம்மா. எனக்கு அந்த நெளிவுதான் வேண்டியிருந்தது. அதனால்தான் மேல்தட்டு ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நிற்கும். விளிம்பில் அப்பாவின் முதலெழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், பாதி தேய்ந்து.

ட்ரேசிங் பேப்பரைக் கழற்றிப்போட்டேன். இடப்பக்கம் பின்னாலிருந்து ஒரே ஒரு விளக்கு. வலப்பக்கம் கறுப்பு சார்ட் பேப்பர், நிழல் வெளுக்காமல் இருக்க. கேமரா, சாப்பிட உட்காருபவரின் கண் உயரத்தில். அறையின் இருட்டு எவர்சில்வரில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே இருப்பது எப்படியும் தெரியாது, வெறுந்தட்டே போதும் என்றார் உதவியாளர். எனக்கு ஒப்பவில்லை. சுடச்சுடச் சோறு போட்டு மூடினோம். பத்து நிமிடம் கழித்து, தூக்கி நின்ற விளிம்பில் ஆவி படிந்து, ஒரு துளி திரண்டு தொங்கியது. அப்போது அழுத்தினேன்.

பத்திரிகை வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்குள்ள சோறு இருந்துச்சா, வெறுந்தட்டா?"

"இருந்துச்சும்மா."

"அப்பச் செரி."